முதல் கோல்ஃப் மட்டைகள்: எதை வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது

கோல்ஃப் விதிகளின்படி ஓர் ஆட்டக்காரர் தம் பையில் 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம். குறைந்தது இத்தனை இருந்தாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. புதிதாக ஆடத் தொடங்குபவர் கடைக்குப் போகும் முன் இதை நினைவில் வைத்துக்கொண்டால், தேவையற்ற செலவில் பெரும்பகுதியைத் தவிர்த்துவிடலாம். அடுத்தடுத்த எண் கொண்ட இரண்டு ஐயர்ன் (தட்டையான உலோகத் தலை கொண்ட) மட்டைகள் பந்தை அனுப்பும் தூரத்தில் ஏறக்குறைய 10 கஜம்தான் வேறுபாடு இருக்கும். ஒவ்வொரு முறையும் மட்டையின் நடுப்பகுதியில் பந்தைச் சந்திக்கப் பழகியவருக்கே அந்த 10 கஜம் பயன்படும். மற்றவர்களுக்கு ஏழு மட்டைகள் தாராளமாகப் போதும்.

அந்த ஏழு எவை என்றால், தொலைதூர அடிகளுக்கான, பருத்த தலை கொண்ட ஒரு 5ஆம் எண் வுட், முகம் 24 பாகையை ஒட்டிச் சாய்ந்த ஒரு ஹைபிரிட் (வுட்டுக்கும் ஐயர்னுக்கும் இடைப்பட்ட கலப்பு வகை), 7 மற்றும் 9ஆம் எண் ஐயர்ன்கள், குறுகிய தூரத்துக்குப் பந்தை உயர்த்தி அடிக்க ஒரு பிட்சிங் வெட்ஜ், மணற்குழியிலிருந்து பந்தை வெளியே எடுக்க 54 முதல் 56 பாகை வரை சாய்வுள்ள ஒரு சாண்ட் வெட்ஜ், கடைசியாகப் பந்தைக் குழிக்குள் உருட்டிவிட ஒரு பட்டர். 3, 4ஆம் எண் ஐயர்ன்களைத் தொடக்கத்தில் வாங்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அவற்றின் முகம் மிகக் குறைவாகச் சாய்ந்திருப்பதால், வேகமாக வீசப் பழகாத கையில் அவை பந்தை மேலெழுப்பாமல் தரையோடு தள்ளிவிடும். அதே தூரத்தை ஹைபிரிட் எளிதாகத் தரும்.

கடையில் முதலில் கண்ணில் படுவது, தொடக்க அடியில் பந்தைத் தொலைதூரம் அனுப்பும் டிரைவர்தான். விலையும் அதற்குத்தான் அதிகம். ஆனால் பட்டரைத் தவிர்த்துப் பையில் உள்ள மட்டைகளிலேயே அதிக நீளமும் குறைந்த சாய்வும் கொண்டது அதுவே என்பதால், பந்து வலமாகவோ இடமாகவோ வளைந்து செல்லும் குறை அதில்தான் பெரிதாக வெளிப்படும். சாய்வு கூடக்கூடப் பந்தின் பின்சுழற்சி அதிகரித்து, பக்கவாட்டு வளைவு குறைகிறது. ஆகையால் சில மாதங்கள் 5ஆம் எண் வுட்டால் ஆட்டத்தைத் தொடங்கிவிட்டு, பிறகு டிரைவர் வாங்கும்போது 9 பாகையைத் தவிர்த்து 10.5 அல்லது 12 பாகை உள்ளதைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

ஐயர்ன்களில் பின்புறம் குடைந்திருக்கும் வகையையே வாங்க வேண்டும். எடை தலையின் ஓரங்களில் பரவியிருப்பதால், பந்து நடுவில் படாவிட்டாலும் மட்டை கையில் அவ்வளவாகத் திருகிக்கொள்வதில்லை. பொறியாளரான கார்ஸ்டன் சோல்ஹைம் 1959இல் இந்த எடைப் பகிர்வை முதலில் பட்டரில் செய்துபார்த்தார். அவர் தொடங்கிய பிங் நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் அதுவே அடித்தளமாக அமைந்தது. இன்று தொடக்கநிலை ஆட்டக்காரருக்காகச் செய்யப்படும் ஐயர்ன்கள் அநேகமாக எல்லாமே இந்த முறையில் அமைந்தவை.

மட்டையின் தண்டைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். கிராஃபைட் தண்டு எஃகைவிட இலேசானது. அதிர்வைக் கைக்குக் குறைவாகக் கடத்தும். மெதுவாக வீசுபவர்களுக்கும், முழங்கை அல்லது மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கும் அது ஏற்றது. நல்ல உடல்வலு உள்ளவருக்கு விலை குறைந்த எஃகே போதும். தண்டில் ரெகுலர், ஸ்டிஃப் என்று விறைப்பைக் குறித்திருப்பார்கள். இந்தக் குறியீடுகளுக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு நிறுவனத்தின் ரெகுலர் இன்னொன்றின் ஸ்டிஃப்போடு ஏறத்தாழ ஒத்திருக்கக்கூடும். ஆகவே எழுத்தை நம்பாமல், பயிற்சித் திடலில் அந்த மட்டையாலேயே பந்துகளை அடித்துப் பார்த்த பின்பே வாங்க வேண்டும். கைப்பிடியின் பருமனைப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு: வலக்கை ஆட்டக்காரர் இடக்கையால் பிடிக்கும்போது, நடுவிரலும் மோதிரவிரலும் கட்டைவிரலுக்குக் கீழுள்ள சதைமேட்டை மெல்லத் தொட வேண்டும். உள்ளங்கையில் அழுந்தினால் பிடி மெலிது. தொடாமல் இடைவெளி விழுந்தால் பருமன் அதிகம். பெரியவர்களின் மட்டையை வெட்டிச் சிறுவர்களுக்குக் கொடுக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து கைவிட வேண்டும். நீளம் குறைந்தாலும் தலையின் கனமும் தண்டின் விறைப்பும் அப்படியே இருப்பதால், குழந்தை தவறான வீச்சையே பழகிக்கொள்ளும்.

பழைய மட்டை வாங்குவதில் எந்தக் குறையும் இல்லை; முதல் தொகுதிக்கு அதையே நான் பரிந்துரைப்பேன். மட்டையை வெளிச்சத்தில் பிடித்து முகத்தின் கோடுகளை நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் தடைபடாமல் வழுக்கினால், குறிப்பாக வெட்ஜில், அது தேய்ந்துபோனது. தலையும் தண்டும் சேரும் கழுத்துப் பகுதியைச் சுற்றிப் பாருங்கள்: எஃகில் துரு, கிராஃபைட்டில் மயிரிழை விரிசல், ஒட்டில் இடைவெளி ஆகியவற்றில் எது தெரிந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தலையைப் பிடித்து ஆட்டும்போது உள்ளே ஏதேனும் கலகலத்தாலும் அப்படியே. கைப்பிடி கெட்டிப்பட்டுப் பளபளத்தால் மட்டும் தயங்க வேண்டாம். அதைக் குறைந்த செலவில் மாற்றிவிடலாம்.

பட்டருக்கு நேரம் ஒதுக்குங்கள். 72 பார் கொண்ட, அதாவது 18 குழிகளையும் 72 முறை அடித்து முடிக்க வேண்டும் என்று கணக்கிடப்பட்ட மைதானத்தில், குழிக்கு இரண்டு வீதம் 36 அடிப்புகள் பட்டருக்கென்றே கணக்கிடப்பட்டிருக்கின்றன. 33 முதல் 35 அங்குல நீளத்துக்குள், குனிந்து நிற்கும்போது கண்கள் பந்துக்கு நேர்மேலே வரும்படியானதைத் தேர்ந்தெடுத்தால் போதும். தலையின் வடிவம் அவரவர் கண்ணுக்குப் பிடித்ததாக இருக்கலாம்.

பந்துகளைப் பொறுத்தவரை, விதிப்படி எடை 45.93 கிராமுக்கு மிகாமலும் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். வேறுபாடு உள்ளமைப்பிலும் மேலுறையிலும்தான். இரண்டு அடுக்குப் பந்து மலிவானது, எளிதில் கீறாது. யூரித்தேன் என்ற மென்மையான செயற்கைப் பொருளால் ஆன உறை கொண்ட விலையுயர்ந்த பந்துகளை, புதருக்குள் பந்தைத் தொலைப்பது குறைந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம். வலக்கை ஆட்டக்காரர் கையுறையை இடக்கையில் அணிய வேண்டும். விரல் நுனியில் தொளதொளப்பு இருக்கக் கூடாது. சென்னை போன்ற கடலோர ஊர்களின் புழுக்கத்தில் தோல் கையுறை வியர்வையில் ஊறி விரைவில் விறைத்துவிடுவதால், செயற்கை இழைக் கையுறைகள் இரண்டை மாற்றி மாற்றி அணிந்து நிழலில் உலர்த்துவது சிக்கனமானது. காலணிக்கு, அடியில் நல்ல பிடிமானம் உள்ள விளையாட்டுக் காலணியே தொடக்கத்தில் போதும். உலோக முட்கள் உள்ளவற்றைப் பெரும்பாலான கிளப்புகள் அனுமதிப்பதில்லை என்பதால், பழைய காலணி வாங்கினால் அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.