பாரசீக அரச குடும்பத்துப் பெண்களின் அதிகாரத்தை அளப்பது எப்படி? முதலில் கணக்குப் பலகைகளைப் பாருங்கள்

அகாமனிசிய (பழைய பாரசீகப் பேரரசை ஆண்ட வம்சம்) ராணிகளைப் பற்றித் தேட ஆரம்பித்தால் முதலில் வந்து விழுவது விஷம், பழிவாங்கல், அந்தப்புரச் சதி. அதையெல்லாம் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டுக் களிமண் பலகைகளிலிருந்து தொடங்குங்கள். அவர்களின் தலைநகரங்களில் ஒன்றான பெர்செபோலிஸில் (இன்றைய ஈரான்) 1933-34இல் கிடைத்த அரண்மனைக் கணக்குகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பெரும்பாலும் அந்தப் பகுதியின் பழைய மொழியான ஈலமியத்தில், கி.மு. 509 முதல் 493 வரை, அதாவது முதலாம் டேரியஸ் காலத்தில், யாருக்கு எவ்வளவு தானியம், ஒயின், ஆடு போனது என்று எழுதி வைத்தவை. யாரையும் புகழவோ இகழவோ எழுதியதில்லை, அதனால்தான் இதற்கு முதலிடம்.

பலகையில் ஒரு பெண்ணின் பெயர் வந்தால் மூன்று விஷயம் தேடுங்கள்: சொந்த முத்திரை உண்டா, சொந்த நிலம் உண்டா, யாருக்கு உத்தரவு போடுகிறார்? இர்தஷ்துனாவுக்கு மூன்றுமே உண்டு. பேரரசை நிறுவிய சைரஸின் மகள், டேரியஸின் மனைவி, கிரேக்கர்கள் ஆர்டிஸ்டோனே என்று எழுதியவர். தன் தோட்டத்து ஒயினை இன்னாருக்கு இவ்வளவு கொடு என்று ஷலமனா என்ற நிர்வாகிக்கு அவர் அனுப்பிய கடிதங்களில் அவருடைய முத்திரையே பதிந்திருக்கிறது. அவருக்கு 100 ஆடுகள் கொடுக்கச் சொல்லி டேரியஸ் போட்ட உத்தரவும் கிடைத்திருக்கிறது.

அப்புறம் இர்தபாமா. எனக்கு இவர்தான் ரொம்ப முக்கியமானவர், ஏனென்றால் கிரேக்க நூல்கள் இவரை ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லை. ஷிராஸ் பக்கம் நூற்றுக்கணக்கான வேலையாட்கள் இவருக்குக் கீழே இருந்தார்கள். அரசர் பயணத்தில் செலவான உணவை ‘அரசர் முன்னிலையில் செலவானது’ என்று எழுதுவார்கள். அதே வாசகம் அரசர் என்ற இடத்தில் இர்தபாமா என்று போட்டும் வருகிறது. அவர் எங்கே போனாலும் ஒரு சிறு அரசவையே கூடப் போயிருக்கிறது என்றுதான் இதைப் படிக்க வேண்டும்.

இதற்குப் பிறகு கிரேக்கர்களிடம் போங்கள். டேரியஸுக்குப் பின் அவர் மகன் செர்க்சஸ் அரசரானதற்குத் தாய் அட்டோசாவின் செல்வாக்கே காரணம் என்கிறார் வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். அட்டோசாவும் சைரஸின் மகள்தான். சரி, அந்தச் செல்வாக்கு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். டேரியஸ் சைரஸின் வாரிசு இல்லை, கி.மு. 522இல் அரியணையைப் பிடித்தவர். சைரஸின் மகள்களை மணந்துதான் தன் பிடியை உறுதியாக்கினார். டேரியஸின் மூத்த மகன் வேறு மனைவிக்குப் பிறந்தவர், செர்க்சஸோ சைரஸின் பேரன். அட்டோசாவின் பலம் அந்த ரத்த உறவில் இருந்தது.

இரண்டாம் டேரியஸின் மனைவியும் இரண்டாம் அர்தசெர்க்சஸின் தாயுமான பாரிசாட்டிஸ் விஷயத்தில்தான் நிதானம் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் விஷம் தடவிய கத்தியால் சமைத்த பறவையை அறுத்து, விஷம் பட்ட பாதியைக் கொடுத்து மருமகளைக் கொன்றார் என்ற கதைக்கு மூலம் அரண்மனை வைத்தியராக இருந்த க்டீசியஸ். உள்ளே இருந்தவர் என்பதால் தூக்கியெறியவும் முடியாது, வேறு சான்று இல்லாததால் அப்படியே ஏற்கவும் முடியாது. ஆனால் பாரிசாட்டிஸின் சொத்து அப்படியில்லை: சிரியாவில் அவருக்குச் சேர்ந்த கிராமங்களைக் கடந்து போனதாகக் கி.மு. 401இல் அரசருக்கு எதிரான படையெடுப்பில் கூடவே நடந்த கிரேக்க எழுத்தாளர் செனபோன் எழுதுகிறார், பாபிலோனியாவின் நிப்பூர் நகரத்துப் பலகைகளிலும் அவர் நிலங்களும் நிர்வாகியும் வருகின்றன. அந்தப் படையை நடத்திய இளைய சைரஸ் பாரிசாட்டிஸின் இன்னொரு மகன். அதற்கு முன்பு, அரசரான அண்ணனுக்கு எதிராகச் சதி செய்ததாகப் பிடிபட்டவரைக் காப்பாற்றி மேற்கே அனுப்பி வைத்ததும் இந்தத் தாய்தான். கத்திக் கதையை விட்டுவிட்டு இதிலிருந்து படியுங்கள்.