60 செகண்ட்ல கட் ஆகுற வெப்சாக்கெட்: என்ஜின்எக்ஸ் பின்னாடி யாரு அறுக்குறாங்கன்னு கண்டுபுடிக்கிறது எப்படி

ஒரு சின்ன கிளினிக்குக்கு டோக்கன் ஸ்கிரீன் பண்ணிக் குடுத்தேன். ரிசப்ஷன்ல இருக்கற பொண்ணு "அடுத்தது" பட்டனை அழுத்தினா வெயிட்டிங் ஹால் டிவில நம்பர் மாறணும், அவ்ளோதான் வேலை. நோட் ஜேஎஸ்ல (சர்வர்ல ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டறது) ஒரு ஆப், அதுக்கு முன்னாடி ரிவர்ஸ் ப்ராக்ஸியா (வர்ற ரிக்வெஸ்ட்ட வாங்கி ஆப்புக்குத் தள்ளற நடு ஆள்) என்ஜின்எக்ஸ், டிவிக்கும் சர்வருக்கும் நடுவுல வெப்சாக்கெட் (மூடாம தொறந்தே இருக்கற, ரெண்டு பக்கமும் பேசற லைன்). வீட்ல உக்காந்து நூறு தடவையாச்சும் அழுத்திப் பாத்திருப்பேன், ஜம்முன்னு ஓடுச்சு. அங்க மாட்டின மறுநாளே போன். "அண்ணா, ஸ்கிரீன் 14லயே நிக்குதுண்ணா, ரிஃப்ரெஷ் பண்ணா 17 காட்டுது."

இதுல வேடிக்கை என்னன்னா எல்லா நேரமும் நிக்காது. மாத்திரை சீட்டு மட்டும் எழுதி வாங்க வந்தவங்க அரை நிமிஷத்துல வெளிய வந்துடுவாங்க, அப்பல்லாம் நம்பர் ஒழுங்கா மாறும். கொஞ்சம் பேசற பேஷன்ட் உள்ள போனா முடிஞ்சுது கதை. ஏன்னு கீழ சொல்றேன், ஆனா இத கண்டுபுடிக்க எனக்கு ரெண்டு நாள் ஆச்சு, காரணம் நான் கன்ஃபிக்ல கை வச்சுட்டு அப்புறம்தான் யோசிச்சேன். நீங்க அந்தத் தப்பப் பண்ணாதீங்க.

ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடறேன். கன்ஃபிக் வரிகள இங்க உச்சரிப்புப்படி தமிழ்லயே எழுதியிருக்கேன். ஃபைல்ல போடும்போது இங்கிலீஷ்ல, அண்டர்ஸ்கோர் எங்க இருக்கோ அங்கயே வச்சு டைப் பண்ணுங்க.

மொதல்ல ஒரு படம் மனசுல வேணும்

டிவில பேஜ காட்டற பிரவுசருக்கும் ஆப்புக்கும் நடுவுல ஒரே கனெக்ஷன் ஓடுதுன்னு நெனைக்காதீங்க. ரெண்டு இருக்கு. பிரவுசர்லேருந்து என்ஜின்எக்ஸ் வரைக்கும் ஒண்ணு, என்ஜின்எக்ஸ்லேருந்து ஆப் வரைக்கும் இன்னொண்ணு. ஒரு பக்கம் போச்சுன்னா என்ஜின்எக்ஸ் மறுபக்கத்தையும் மூடிடும். அதனால பிரவுசர்ல பாத்தா சர்வர் கட் பண்ண மாதிரியும், ஆப் லாக்ல பாத்தா பிரவுசர் ஓடிப்போன மாதிரியும் தெரியும், ரெண்டு பேருமே நான் இல்ல நான் இல்லன்னு சொல்லுவாங்க. நடுவுல இருக்கறவர விசாரிக்கணும்.

ஸ்டெப் 1: செகண்ட் எண்ணுங்க

எந்த ஃபைலையும் தொறக்காதீங்க. கனெக்ஷன் எத்தனாவது செகண்ட்ல சாகுதுன்னு மட்டும் பாருங்க. ஜாவாஸ்கிரிப்ட்ல கனெக்ஷன் ஓப்பன் ஆகும்போது நேரத்த ஒரு வேரியபிள்ல போட்டு வைங்க, க்ளோஸ் ஈவண்ட் வரும்போது எத்தன செகண்ட் ஆச்சு, க்ளோஸ் கோட் என்னன்னு கன்சோல்ல பிரிண்ட் பண்ணுங்க. அப்புறம் பேஜ தொறந்து வச்சுட்டு கைய கட்டிட்டு உக்காருங்க, எதையும் அழுத்தக் கூடாது. நான் டெஸ்ட் பண்ணும்போது சும்மா சும்மா பட்டன அழுத்திட்டே இருந்தேன் பாருங்க, அதனாலதான் வீட்ல பிரச்சனையே தெரியல.

கோட் 1006ன்னு வந்தா "போறேன்"னு சொல்லாம கொள்ளாம லைன் அறுந்துருக்குன்னு அர்த்தம். அது அறிகுறிதான், காரணம் இல்ல. பல பேரு 1006 அப்படின்னு தேடி நாள் பூரா சுத்துவாங்க, அதுல ஒண்ணும் கிடைக்காது. துப்பு குடுக்கறது செகண்ட் நம்பர்தான்:

தொறந்த உடனேயே செத்தா ஹேண்ட்ஷேக்ல (கனெக்ஷன் ஆரம்பிக்கறப்ப நடக்கற பேச்சுல) கோளாறு, ஸ்டெப் 3க்கு போங்க. ஒவ்வொரு தடவையும் சரியா 60, 61ன்னு வந்தா ஏதோ ஒரு ஐடில் டைம்அவுட் (சும்மா கெடந்தா அறுக்கற நேர வரம்பு), ஸ்டெப் 4. சாதாரண ரிக்வெஸ்ட்ல எப்பவாச்சும் ஒரு 502 (ஆப் கிட்டேருந்து சரியான பதில் வரலங்கற எரர்) எட்டிப் பாத்துட்டு மறையுதுன்னா ஸ்டெப் 5. நம்பரே இல்லாம கண்டபடி அறுந்தா ஆப் கிராஷ் ஆகி ரீஸ்டார்ட் ஆகுதா, வைஃபை ஆடுதான்னு பாருங்க. மொபைல் டேட்டால மட்டும் அறுந்து, வைஃபைல அறுக்கலன்னா நடுவுல நெட்வொர்க்காரங்க வச்சிருக்கற நேட் பாக்ஸ் (பல பேர ஒரே ஐபி அட்ரஸ்ல வெளிய அனுப்பற சாதனம்) சும்மா கெடக்கற லைன தூக்கிடுதுன்னு சந்தேகப்படலாம். அதுக்கும் ஸ்டெப் 4ல சொல்ற பிங்தான் மருந்து.

எனக்கு 60. அஞ்சு தடவ பாத்தேன், அஞ்சும் 60.

இன்னொரு டெஸ்ட்டும் பண்ணிடுங்க. சர்வருக்குள்ள எஸ்எஸ்ஹெச் பண்ணி (தூரத்துலேருந்து லாகின் ஆகி) டபிள்யூஎஸ்கேட்ங்கற சின்ன டூல வச்சு, என்ஜின்எக்ஸ் வழியா போகாம நேரா லோக்கல்ஹோஸ்ட்ல (அதே மெஷின்ல) ஆப்போட போர்ட்டுக்கே கனெக்ட் பண்ணி ரெண்டு மூணு நிமிஷம் விடுங்க. அது அறுந்தா உங்க ஆப்லதான் தப்பு. அது நின்னு, டொமைன் பேர்ல போறது மட்டும் அறுந்தா ஆப்புக்கு முன்னாடி இருக்கற ஏதோ ஒண்ணு.

ஸ்டெப் 2: லாக்

என்ஜின்எக்ஸோட எரர் லாக டெயில் கமாண்ட்ல ஓட விட்டுட்டு மறுபடி காத்திருங்க. 60வது செகண்ட்ல "அப்ஸ்ட்ரீம் டைம்டு அவுட்"ன்னு (அப்ஸ்ட்ரீம்னா பின்னாடி இருக்கற ஆப்) 110ங்கற நம்பரோட ஒரு வரி விழுந்து, அதே வரில "ப்ராக்ஸியிங் அப்கிரேடட் கனெக்ஷன்"னும் இருந்தா ஆள் மாட்டிக்கிட்டார், என்ஜின்எக்ஸேதான் அறுக்குது. 111ன்னு "கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு" வந்தா ஆப்பே ஓடல, இல்ல போர்ட் தப்பு. 104ன்னா அந்தப் பக்கம் ஆப் முகத்துல அடிச்ச மாதிரி லைன மூடிருக்கு.

ஆக்சஸ் லாக்ல ஒரு சமாச்சாரம் இருக்கு, அது தெரியாம நான் ரொம்ப நேரம் முழிச்சேன். வெப்சாக்கெட் கனெக்ட் ஆகும்போது அதுல வரி விழாது, கனெக்ஷன் முடியும்போதுதான் விழும். அதனால "ரிக்வெஸ்ட்டே வரல போல"ன்னு முடிவு கட்டிடாதீங்க. லாக் ஃபார்மட்ல ரிக்வெஸ்ட் டைம் வேரியபிளையும் சேத்துட்டா ஒவ்வொரு கனெக்ஷனும் எத்தன செகண்ட் உயிரோட இருந்துச்சுன்னு 101ங்கற (வெப்சாக்கெட்டா மாறிடுச்சுங்கற) ஸ்டேட்டஸுக்குப் பக்கத்துலயே எழுதிடும். 60.0 சொச்சம், 60.0 சொச்சம்னு வரிசையா பாத்தப்பதான் எனக்கு உண்மையிலயே நிம்மதி ஆச்சு. கண்டபடி அறுந்தாதான் தலைவலி, ஒரே நம்பர்ல அறுந்தா யாரோ ஒருத்தர் ரூல் போட்டு அறுக்கறார், அவ்ளோதான்.

ஸ்டெப் 3: ஹேண்ட்ஷேக்

வெப்சாக்கெட் சாதாரண ஹெச்டிடிபி ரிக்வெஸ்ட்டாதான் ஆரம்பிக்கும், "அப்கிரேட் பண்ணிக்கலாமா"ன்னு ஒரு ஹெடர் அனுப்பும், சர்வர் 101 அனுப்பினா மாறிடும். பிரச்சனை என்னன்னா அப்கிரேட், கனெக்ஷன் ரெண்டு ஹெடரும் ஒரு தாவலுக்கு மட்டும்தான், ப்ராக்ஸி அத தானா அடுத்த ஆளுக்குக் கடத்தாது. நாமதான் சொல்லணும்:

ப்ராக்ஸி_ஹெச்டிடிபி_வெர்ஷன் 1.1;
ப்ராக்ஸி_செட்_ஹெடர் அப்கிரேட் $ஹெச்டிடிபி_அப்கிரேட்;
ப்ராக்ஸி_செட்_ஹெடர் கனெக்ஷன் "அப்கிரேட்";
ப்ராக்ஸி_செட்_ஹெடர் ஹோஸ்ட் $ஹோஸ்ட்;

கடைசி வரிய ஏன் போட்டேன்னு கேளுங்க. ப்ராக்ஸி செட் ஹெடர் வரிகள் மேல சர்வர் பிளாக்ல இருந்தா கீழ லொகேஷன் பிளாக்குக்கு தானா வரும், ஆனா லொகேஷன்ல நீங்க ஒரே ஒரு ஹெடர் எழுதினாலும் போச்சு, மேல இருக்கறது மொத்தமும் செல்லாது. நெறய பேரு அப்கிரேட் வரிகள மட்டும் லொகேஷன்ல ஒட்டிட்டு, மேல ஹோஸ்ட் இருக்கேன்னு நம்பிட்டு இருப்பாங்க. ஆப்புக்கு ஹோஸ்ட் தப்பா போகும், ஆப் ஆரிஜின் (ரிக்வெஸ்ட் எந்த சைட்லேருந்து வருதுன்னு) செக் பண்ணும், 403 (அனுமதி இல்ல) வரும், நம்ம ஆளு வெப்சாக்கெட்டே வேஸ்ட்னு திட்டுவாரு. வேணுங்கற எல்லா ஹெடரையும் லொகேஷன்லயும் திரும்ப எழுதிடுங்க.

வெப்சாக்கெட் பாத் வேற, நீங்க ஹெடர் போட்ட லொகேஷன் வேறயான்னும் ஒரு தடவ பாத்துக்கங்க. மாத்தின பிறகு என்ஜின்எக்ஸ கன்ஃபிக் டெஸ்ட்ல ஓட்டி, ஓகேன்னு வந்தாதான் ரீலோட்.

ஸ்டெப் 4: அந்த 60 எங்கேருந்து வருது

என்ஜின்எக்ஸ்ல ப்ராக்ஸி_ரீட்_டைம்அவுட்னு ஒண்ணு இருக்கு, டீஃபால்ட் 60 செகண்ட். மொத்தமா 60 செகண்ட்தான் ஓடலாம்னு இல்ல, ஆப் கிட்டேருந்து ரெண்டு தடவ டேட்டா வர்றதுக்கு நடுவுல இருக்கற இடைவெளி 60ஐ தாண்டக் கூடாது. இப்ப கிளினிக்க நெனச்சுப் பாருங்க. பேஷன்ட் அரை நிமிஷத்துல வெளிய வந்தா பட்டன் அழுத்தறாங்க, நம்பர் போகுது, கடிகாரம் மறுபடி பூஜ்யத்துலேருந்து ஆரம்பிக்குது. உள்ள போனவர் மூட்டு வலிய விலாவாரியா சொல்ல ஆரம்பிச்சா அறுபது செகண்ட் அமைதி, கனெக்ஷன் க்ளோஸ், டிவில 14.

நெட்ல தேடினா உடனே கெடைக்கற வைத்தியம் டைம்அவுட்ட 86400 ஆக்குங்கறது, அதாவது ஒரு நாள். நானும் மொதல்ல அதத்தான் ஒட்டினேன். அறுந்து போறது நிக்கும், உண்மைதான், ஆனா கரண்ட் போய் டிவி பொசுக்குன்னு அணைஞ்சா "நான் போறேன்"னு சொல்ல யாரும் இல்ல, சர்வர் பாட்டுக்கு அந்த டிவி இன்னும் இருக்குன்னு நம்பிட்டே இருக்கும். எங்கிட்ட ஒரே ஒரு டிவிதான், சர்வர் கணக்குல ஏழு.

அதுக்குப் பதிலா பிங் அனுப்புங்க. வெப்சாக்கெட்லயே பிங், பாங்னு ரெண்டு கண்ட்ரோல் ஃபிரேம் உண்டு. சர்வர் பிங் அனுப்பினா பிரவுசர் தானா பாங் போட்டுடும், அங்க நாம கோட் எழுத வேண்டியதே இல்ல. உல்ட்டாவா பிரவுசர் ஜாவாஸ்கிரிப்ட்லேருந்து பிங் ஃபிரேம் அனுப்ப வழி கெடையாது, அதனால வேலை சர்வரோடது. 25 செகண்டுக்கு ஒரு தடவ எல்லா கனெக்ஷனுக்கும் பிங், போன தடவ அனுப்பினதுக்கு பாங் வரலயா, அந்த கனெக்ஷன தூக்கிடு. பத்து வரி கோட். 25ங்கறது 60ஐ விட பாதிக்கும் கம்மி, ஒரு பிங் கொஞ்சம் லேட் ஆனாலும் தாங்கும். இத போட்டதும் டைம்அவுட்ட பழையபடி 60க்கே மாத்திட்டேன், இன்னிக்கு வரைக்கும் அறுக்கல.

சாக்கெட் ஐஓ (வெப்சாக்கெட்டுக்கான ஒரு ரெடிமேட் லைப்ரரி) யூஸ் பண்றவங்களுக்கு அதுவே 25 செகண்டுக்கு ஒரு தடவ பிங் அனுப்பும், அதனால 60ல அறுந்தா உங்க கேஸ் வேற, ஸ்டெப் 2க்கு திரும்பப் போங்க. சர்வர் ரெண்டு மூணு காப்பி ஓடுதுன்னா ஒரே யூசர் ஒரே காப்பிக்கு போற மாதிரி ஐபி ஹாஷ் போட்டிருக்கான்னும் பாருங்க, இல்லன்னா "செஷன் ஐடி அன்நோன்"னு 400 வரும்.

என்ஜின்எக்ஸுக்கு முன்னாடி லோட் பேலன்சர் (ரிக்வெஸ்ட்ட பல சர்வருக்குப் பிரிச்சு விடறது) இருந்தா அதுக்கும் தனி கடிகாரம் உண்டு. அமேசானோட அப்ளிகேஷன் லோட் பேலன்சர்லயும் ஐடில் டைம்அவுட் டீஃபால்ட் அதே 60 தான், அதனால என்ஜின்எக்ஸ்ல எவ்ளோ ஏத்தினாலும் 60லயே அறுந்துட்டு இருக்கும், நீங்க ரீலோட் ஆகலயோன்னு குழம்புவீங்க. ஹெச்ஏப்ராக்ஸில (இன்னொரு லோட் பேலன்சர்) இதுக்கு டைம்அவுட் டனல்னு பேரு. வழில எத்தன பேர் இருந்தாலும் அதுல கம்மியான நம்பர் வச்சிருக்கறவர்தான் ஜெயிப்பார்.

ஸ்டெப் 5: எப்பவாச்சும் வர்ற 502

இது வெப்சாக்கெட் இல்ல, சாதாரண ரிக்வெஸ்ட். ஆனா அடிக்கடி சேத்து குழப்பிக்கறாங்க. அப்ஸ்ட்ரீம் பிளாக்ல கீப்அலைவ் போட்டிருந்தா, ஆப்போட தொறந்த கனெக்ஷன என்ஜின்எக்ஸ் 60 செகண்ட் வரைக்கும் கையில வச்சிருந்து மறுபடி யூஸ் பண்ணும். நோட்ல கீப்அலைவ் டைம்அவுட் டீஃபால்ட் 5 செகண்ட். நோட் மூடற அதே நொடில என்ஜின்எக்ஸ் புது ரிக்வெஸ்ட்ட அந்த லைன்ல தள்ளினா 502. பெரும்பாலும் போஸ்ட் ரிக்வெஸ்ட்லதான் (டேட்டா அனுப்பறது) கண்ணுல படும், கெட் ரிக்வெஸ்ட்டா (டேட்டா கேக்கறது) இருந்தா என்ஜின்எக்ஸ் சத்தமில்லாம இன்னொரு தடவ அனுப்பிப் பாத்துடும். நோட் பக்கம் கீப்அலைவ் டைம்அவுட்ட 65 செகண்ட் ஆக்குங்க, ஹெடர்ஸ் டைம்அவுட்ட அதுக்கும் மேல 66. யூனிட் மில்லிசெகண்ட், 65ன்னு மொட்டையா போட்டுடாதீங்க. பைத்தான்காரங்க குனிகார்ன்ல (பைத்தான் ஆப்ப ஓட்டற சர்வர்) பாத்துக்கங்க, அங்க டீஃபால்ட் வெறும் 2 செகண்ட்.

கூட்டம் ஜாஸ்தின்னா வொர்க்கர் கனெக்ஷன்ஸயும் (என்ஜின்எக்ஸோட ஒரு வொர்க்கர் ப்ராசஸ் எத்தன கனெக்ஷன் தாங்கும்ங்கற எண்ணிக்கை) ஒரு பார்வை. உபுண்டு பேக்கேஜோட கன்ஃபிக்ல 768 இருக்கும், ஒவ்வொரு வெப்சாக்கெட்டும் ரெண்டு எடுத்துக்கும் (மேல சொன்ன ரெண்டு லைன்), ஆக ஒரு வொர்க்கருக்கு முந்நூத்தி எண்பது சொச்சம் பேர்தான்.

ஸ்டெப் 6: அறுந்தா என்ன பண்ணும்

எல்லாம் பண்ணாலும் ஒரு நாள் ரவுட்டர் அணையும், சர்வர் ரீபூட் ஆகும். அதனால பிரவுசர் பக்கம் ரீகனெக்ட் கட்டாயம் எழுதுங்க. மொத தடவ 1 செகண்ட் கழிச்சு, அப்புறம் 2, 4, 8ன்னு ஏத்தி 30ல நிறுத்திடுங்க, ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் ரேண்டமா கூட்டிக்கங்க, இல்லன்னா சர்வர் எழுந்த உடனே எல்லா ஸ்கிரீனும் ஒரே நேரத்துல கதவ தட்டும்.

இதுல நான் விட்டது ஒண்ணு. ரீகனெக்ட் ஆச்சு, ஆனா நம்பர் மாறல. ஏன்னா லைன் இல்லாத நேரத்துல போன மெசேஜ் போனதுதான், யாரும் எடுத்து வச்சு திருப்பித் தர மாட்டாங்க. கனெக்ட் ஆன உடனே "இப்ப என்ன நம்பர்"னு சர்வர்கிட்ட கேக்கற ஒரு வரி சேத்த பிறகுதான் சரியாச்சு. டெஸ்ட் பண்ண ரவுட்டர் வயர புடுங்குங்க, ரெண்டு டோக்கன் முன்னாடி தள்ளுங்க, வயர சொருகுங்க, டிவி தானா சரியான நம்பருக்கு வரணும்.

டிவியோட மூலைல ஒரு சின்ன புள்ளியும் வச்சிருக்கேன், லைன் இருந்தா பச்சை, போனா சிவப்பு, பக்கத்துல எத்தன செகண்டா சிவப்புங்கற எண்ணிக்கை. போன வாரம் ரிசப்ஷன்லேருந்து போன் வந்துச்சு, "அண்ணா, சிவப்பு வந்துச்சு, 9 வரைக்கும் போச்சு, அப்புறம் தானா பச்சை ஆயிடுச்சு." லாக்ல பாத்தா அந்த நேரத்துல நான்தான் சர்வர ரீஸ்டார்ட் பண்ணிருக்கேன்.