சோழவரத்தில் ஓடிய கார் கைக்கு வந்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ஃபியட் 1100 ஒன்றை வாங்கி வியாசர்பாடியில் ஒரு தகரக் கொட்டகையில் நிறுத்தினேன். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "ஒரிஜினலா ஆக்கப் போறியா, இல்ல மாடிஃபை பண்ணப் போறியா?" கம்பெனியிலிருந்து இறங்கிய நாளில் இருந்தது மாதிரியே ஆக்கிவிடுவேன் என்று பெருமையாகச் சொன்னேன். என் முதல் தவறு அந்தப் பதில்தான்.

அது சோழவரத்தில் ஓடிய கார். சென்னைக்கு வடக்கே இருக்கும் சோழவரம், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயப் பாதை வந்த பிறகு பந்தயம் அங்கே போய்விட்டது. சோழவரத்தில் ஓடிய கார்களில் பல, வீட்டு உபயோகத்துக்கு வந்த ஃபியட், ஹெரால்ட், அம்பாசிடர்தான். பின் சீட்டைக் கழற்றி, எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைச் சீவி, சைலன்சரை மாற்றி, கையில் இருந்த காசுக்கு ஏற்றபடி ஒவ்வொருவரும் தன் காரைப் பந்தயத்துக்குத் தயார் செய்தார்கள். அப்படிப்பட்ட காரை ஷோரூம் நிலைக்குக் கொண்டுபோனால், அதைப் பந்தயக் கார் ஆக்கிய எல்லாவற்றையும் அழித்துவிடுகிறோம். மிச்சம் இருப்பது இன்னொரு பழைய ஃபியட்.

அதனால் முதலில் ஒரு வருஷத்தை முடிவு செய்யுங்கள். இந்தக் கார் எந்தப் பந்தயத்தில் எப்படி நின்றதோ, அதுதான் அதன் ஒரிஜினல். உலக அளவில் பழைய கார் பந்தயங்களுக்கு சர்வதேச மோட்டார் அமைப்பான எஃப்ஐஏ வைத்திருக்கும் அப்பெண்டிக்ஸ் கே விதிகளும் இதைத்தான் கேட்கின்றன: கார் அதன் காலத்துப் பந்தய அமைப்பில் இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் செய்த மாற்றத்துக்குச் சான்று இருந்தால் அதுவும் வரலாறு. நேற்று நாம் செய்தது வரலாறு ஆகாது.

சான்று எங்கே கிடைக்கும்? பழைய புகைப்படங்கள், அந்தக் காலத்து மெக்கானிக்குகள், எல்லாவற்றுக்கும் மேலாகக் காரே. டேஷ்போர்டில் இரண்டு துளைகள் காரணமில்லாமல் இருப்பதாக நினைத்து, வெல்டிங் வைத்து அடைத்து, தேய்த்து மழமழவென்று ஆக்கினேன். இரண்டு மாதம் கழித்து ராயபுரத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். சோழவரம் நாட்களில் வேலை செய்த மெக்கானிக். பார்த்தவுடனே, "இன்னா தம்பி, ஆர்பிஎம் மீட்டர் கிளாம்ப் ஓட்டைய அடைச்சிட்டியா?" என்றார். எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் மீட்டரை மாட்டிய துளைகள் அவை. எனக்கு முகமே செத்துவிட்டது. ஒரு துளை எதற்கு என்று தெரியும்வரை அதைத் தொடாதீர்கள்.

பெயிண்டும் அப்படித்தான். அவசரப்பட்டு மணல் அடித்துச் சுரண்டக் கொடுக்காதீர்கள். மெல்லிய தகடு அந்த வேகத்தில் நெளிந்துவிடும், அடியில் இருக்கும் பழைய அடுக்குகளும் போய்விடும். கதவில் உள்ளங்கை அளவு இடத்தில் வாட்டர் பேப்பரை வைத்துத் தண்ணீர் விட்டு மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். என் காரில் மூன்று அடுக்குக்குக் கீழே வெள்ளை வட்டத்தின் ஓரம் தெரிந்தது, பந்தய எண் எழுதிய வட்டம். அன்று மதியம் நான் சாப்பிடவே போகவில்லை.

இன்னொன்று வடசென்னைக்காரர்களுக்கு மட்டும். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் உப்புக் காற்று. வெறும் தகடாக விட்டால் ராத்திரியிலேயே பழுப்பேறிவிடும். ஒரு நாளில் பிரைமர் அடிக்க முடிகிற அளவுக்கு மட்டும் சுரண்டுங்கள். துருவின் மேல் பட்டி வைத்து மூடுவது வேலையே இல்லை. வெட்டி எடுத்து, அதே தடிமன் தகட்டை வைத்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள்.

கழற்றும் முன் புகைப்படம் எடுப்பது, போல்ட்டுகளை உறையில் போட்டுப் பெயர் எழுதுவது, உடைந்த பாகத்தையும் தூக்கிப் போடாமல் இருப்பது, இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். செய்துவிடுங்கள்.

சரி, மாடிஃபை செய்யவே கூடாதா? செய்யலாம். ஆனால் போல்ட் போட்டு மாட்டியதை நாளைக்குக் கழற்றலாம், வெட்டியதை ஒட்ட முடியாது. ஹெரால்டில் சேஸிஸ் என்ற அடிச்சட்டம் தனி, பாடி தனி. ஃபியட் 1100 அப்படி இல்லை. தரை, தூண், கூரை எல்லாம் சேர்ந்துதான் அதன் பலம். பெரிய எஞ்சினை நுழைக்க எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தடுப்பையோ தரையையோ வெட்டினால் வண்டியின் முதுகெலும்பை வெட்டுகிறீர்கள். நேராக ஓடும்போது தெரியாது, வளைவில் தெரியும்.

எஞ்சினில் நடக்கும் தவறுகளுக்கு விலை அதிகம். பல வருஷம் நின்ற எஞ்சினுக்கு முதல் நாளே பேட்டரி வைத்து செல்ஃப் அடிக்காதீர்கள். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, சில நாள் ஊறவிட்டு, கையால் சுற்றிப் பாருங்கள்.

அப்புறம் ஹெட். பந்தய ஹெட் ஏற்கெனவே ஒருமுறையோ இருமுறையோ சீவப்பட்டிருக்கும். லேத்துப் பட்டறையில் "லைட்டா ஒரு கட் எடுத்துடலாம்" என்பார்கள். அளக்காமல் சம்மதிக்காதீர்கள். 1089 சிசி எஞ்சினில் ஒரு சிலிண்டருக்கு 272 சிசி. கேஸ்கெட் தடிமனையும் சேர்த்து எரியறை 39 சிசி இருந்தால் கம்ப்ரெஷன், அதாவது கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்ற அளவு, கிட்டத்தட்ட 8. அதே அறை 34 சிசி ஆகிவிட்டால் 9. ஐந்து சிசியில் எஞ்சினின் குணமே மாறிவிடுகிறது, கலவை கட்டுப்பாடில்லாமல் வெடித்துத் தட்டும் நாக்கிங் வந்து பிஸ்டன் போகலாம். அளப்பது சுலபம். வால்வையும் பிளக்கையும் மாட்டி, ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, துளையிட்ட கண்ணாடி போன்ற அக்ரிலிக் தகட்டை கிரீஸ் தடவி மேலே மூடி, மருந்துக் கடை சிரிஞ்சால் மண்ணெண்ணெய் விட்டு எத்தனை மில்லி பிடிக்கிறது என்று பாருங்கள்.

பெட்ரோலும் அந்தக் காலத்துப் பெட்ரோல் இல்லை. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல் நின்றுபோனது. ஹெரால்ட் போல இரும்பு ஹெட் உள்ள எஞ்சினில் அந்த ஈயம்தான் வால்வு வந்து உட்காரும் இடமான வால்வு சீட்டைக் காத்தது. இப்போது கடினமான சீட் வளையம் போட்டுக்கொள்வது நல்லது. இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் இருக்கிறது. பழைய ரப்பர் ஹோஸ், கார்புரேட்டர் டயாஃப்ரம் எல்லாம் ஊறி உதிரும். எத்தனால் தாங்கும் ஹோஸை மாட்டுங்கள், கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டின் அளவையும் சரிபாருங்கள், இல்லாவிட்டால் கலவையில் பெட்ரோல் குறைந்துபோகும்.

ஒரிஜினல் மோகம் எங்கே நிற்க வேண்டும் என்றால், உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில். சீட் பெல்ட், பிரேக் ஹோஸ், பெட்ரோல் டேங்க், டயர், இவற்றில் பழையது வேண்டாம். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் தயாரான வாரத்தையும் வருஷத்தையும் சொல்லும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், நம் ஊர்ப் புழுக்கத்தில் இன்னும் சீக்கிரம். கார் உருண்டால் காக்கும் கம்பிக்கூடான ரோல் கேஜை தண்ணீர்க் குழாயில் செய்து மாட்டிய கார்களைப் பார்த்திருக்கிறேன். அதை ஞாபகமாக வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை நம்பி ஓட்டாதீர்கள். அந்தக் கூட்டில் சீட்டுக்குப் பின்னால் வரும் முதன்மை வளையத்துக்கு எஃப்ஐஏ கேட்பது வெல்டிங் மூட்டு இல்லாத எஃகுக் குழாய், 45 மில்லிமீட்டர் விட்டத்துக்கு 2.5 மில்லிமீட்டர் தடிமன், அல்லது 50-க்கு 2.

கடைசியாகக் காகிதம். எஞ்சின் எண், சேஸிஸ் எண் இருக்கும் இடத்தில் கிரைண்டரே போகக்கூடாது. 2021-ல் வந்த விண்டேஜ் விதிப்படி, 50 வருஷத்துக்கு மேற்பட்ட கார் 'விஏ' எழுத்துள்ள எண்ணில் பதிவாகலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் சேஸிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது, தினசரி ஓட்டவும் கூடாது. எஞ்சினை மாற்றிவிட்டு இந்த விதியைத் தேடுகிறவர்களை எனக்குத் தெரியும். வெட்டுவதற்கு முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள்.

டேஷ்போர்டில் அந்த இரண்டு துளைகளைப் போன மாதம் மறுபடி போட்டோம். பெரியவரே வந்து, தன் கட்டைவிரலால் அளந்து, சாக்பீஸில் குறித்துக் கொடுத்தார். மீட்டரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.