மணி அடித்தால் பூனையோடு வெளியேறுவது எப்படி: பையைப் பற்றி அல்ல, கூடையைப் பற்றி

போன வருடம் ஒருநாள் நள்ளிரவு 2 மணிக்கு எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் தீ எச்சரிக்கை மணி அலறியது. என்னிடம் எல்லாம் தயாராக இருந்தது. கதவருகே பை, அதில் தீனி, தண்ணீர், தடுப்பூசி அட்டையின் நகல். நாய் கரியனுக்கு இரண்டு நிமிடத்தில் பட்டையை மாட்டிவிட்டேன். பூனை சுண்டுவைத்தான் காணோம். கட்டிலுக்கு அடியில், சுவரோடு ஒட்டிக்கொண்டு, கண் இரண்டும் மின்ன உட்கார்ந்திருந்தாள். கையை நீட்டினேன், முழங்கை வரை கோடு போட்டாள். பூனையை அடைத்துத் தூக்கிப் போகும் கூடையைக் கொண்டுவந்தேன், அதைப் பார்த்ததும் இன்னும் உள்ளே நகர்ந்தாள். மெத்தையைத் தூக்கி, கட்டிலை நகர்த்தி, அவளைத் துண்டில் சுருட்டிக்கொண்டு கீழே இறங்கியபோது 20 நிமிடம் ஆகியிருந்தது. யாரோ அடுப்பில் எதையோ கருகவிட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு தேடிப் பார்த்தால், எல்லாரும் பையில் என்னென்ன வைக்க வேண்டும் என்றே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். பை ஒளிந்துகொள்ளாது, கீறாது, கட்டிலுக்கடியில் போகாது. அதனால் இந்தப் பதிவில் முக்கியமாகக் கூடைதான். பையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புகை கண்ணுக்குத் தெரிந்தால் நான் செய்தது போல 20 நிமிடம் நிற்காதீர்கள். வெளியே வந்து, எந்த அறையில் எத்தனை விலங்கு இருக்கிறது என்று தீயணைப்பு வீரர்களிடம் சொல்லுங்கள்.

படி 1: கூடை வாங்குவது

கெட்டியான பிளாஸ்டிக் கூடைதான் என் தேர்வு. முன்னால் ஒரு கதவு, மேலே ஒரு கதவு, மேல்பாதியைத் தனியாகக் கழற்றும் வசதி. துணிக் கூடைகள் பார்க்க அழகுதான், தோளிலும் மாட்டலாம். ஆனால் பயந்த பூனை ஜிப்பின் மூலையில் மூக்கை நுழைத்து நெம்பிக்கொண்டு வெளியே வந்ததை நானே பார்த்திருக்கிறேன். உள்ளே சிறுநீர் போய்விட்டால் தையலுக்குள் ஊறி நாற்றம் போகவே போகாது. முதுகில் மாட்டுகிற, பிளாஸ்டிக் குமிழ் வைத்த பைகள் வேண்டவே வேண்டாம், வெயிலில் உள்ளே வெந்துவிடும்.

நிமிர்ந்து நின்று ஒரு சுற்று திரும்ப இடம் இருந்தால் அளவு சரி. ஒரு பூனைக்கு ஒரு கூடை. "எங்க வீட்டுல ரெண்டும் ஒண்ணாத்தான் தூங்கும்" என்பீர்கள். தூங்கும். பயந்தால் ஒன்றையொன்று கடித்துக் குதறும்.

படி 2: கூடைக்குள் தானாகப் போக வைப்பது

கூடையைப் பரணில் வைக்காதீர்கள். வருடத்துக்கு ஒருமுறை கீழே இறங்கி, ஊசி போட அழைத்துப் போகிற சாமானைக் கண்டால் எந்தப் பூனையும் ஓடத்தான் செய்யும். ஆள் நடமாட்டமுள்ள ஒரு மூலையில் அது எப்போதும் கிடக்கட்டும்.

மேல்பாதியைக் கழற்றிவிட்டு, கீழ்த்தொட்டியில் நீங்கள் போட்டுக் கழற்றிய, துவைக்காத பனியன் ஒன்றை விரியுங்கள். பிடித்த தீனியை முதலில் ஓரடி தள்ளி வையுங்கள். அடுத்த வேளை விளிம்பில், அதற்கடுத்து உள்ளே, பிறகு கடைக்கோடியில். சுண்டு நாலாவது நாள் முன்னங்கால் இரண்டை மட்டும் உள்ளே வைத்து, பின்னங்காலை வெளியே ஊன்றிக்கொண்டு, உடம்பை ரப்பர் போல இழுத்துத் தின்றாள். சிரிப்பாக இருந்தது, ஆனாலும் பிடித்துத் தள்ளவில்லை. நாலு காலும் தானாக உள்ளே போக ஆரம்பித்த பிறகுதான் மேல்பாதியைப் பூட்டினேன். கதவு அப்போதும் இல்லை.

இதுவரை எல்லாருக்கும் வரும். நான் இரண்டு முறை சறுக்கியது இதற்கப்புறம்தான்.

முதல் சறுக்கல் தாழ்ப்பாள். 12 நாள் பொறுமையாகப் பழக்கி, பதின்மூன்றாம் நாள் அவள் உள்ளே தின்றுகொண்டிருக்கும்போது கதவைச் சாத்தினேன். கம்பிக் கதவின் ஸ்பிரிங் 'டக்' என்று போய் விழுந்தது. சுண்டு துள்ளிய துள்ளலில் கூடையே ஒருபக்கம் சாய்ந்துவிட்டது. அப்புறம் ஒரு வாரம் கூடைப்பக்கமே வரவில்லை. கதவைச் சாத்தியதால்தான் பயந்தாள் என்று நினைத்து, கதவை மெதுவாகச் சாத்திச் சாத்திப் பார்த்தேன். பயன் இல்லை. அவளைப் பயமுறுத்தியது அந்தச் சத்தம் என்று புரிய எனக்கு வெகுநாள் ஆனது.

தீர்வு சுலபம். பூனை கூடைக்கு வெளியே, தள்ளி இருக்கும்போது தாழ்ப்பாளை 'டக்' என்று போடுங்கள், உடனே ஒரு துண்டு தீனி. மறுபடி டக், தீனி. ஒரு நாளைக்குப் பத்து முறை போதும். சில நாளில் அந்தச் சத்தம் கேட்டாலே சுண்டு அடுத்த அறையிலிருந்து ஓடிவர ஆரம்பித்தாள். நான் எதிர்பார்க்காத லாபம் இது: பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காத பூனைக்கு, இப்போது தாழ்ப்பாள் சத்தமே அழைப்பு மணி.

இரண்டாவது சறுக்கல் என் அவசரபுத்தி. கதவைச் சாத்தினாலும் அமைதியாக இருந்தாள் என்றதும் அன்றைக்கே தூக்கிக்கொண்டு தடுப்பூசிக்குப் போய்விட்டேன். அதுவரை பழக்கியதெல்லாம் அழிந்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. சாத்திய கதவு முதலில் 2 நொடி, பிறகு 5, பிறகு 30. அடுத்து கூடையை விரற்கடை உயரம் தூக்கி இறக்குங்கள். பிறகு அறைக்குள் ஒரு நடை, மாடிப்படி வரை ஒரு நடை, வண்டியில் வைத்து எஞ்சினை மட்டும் ஓடவிட்டு வீடு திரும்புவது. ஒவ்வொன்றின் முடிவிலும் வீடு, தீனி. ஒரு ஊசிப் பயணத்துக்குக் குறைந்தது ஐந்து பொய்ப் பயணம் என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன். எங்களுக்கு மொத்தம் ஆறு வாரம் பிடித்தது.

பழக்குவதற்குள் ஆபத்து வந்துவிட்டால்? கூடையைக் கதவு மேலே பார்க்கும்படி நிமிர்த்தி வைத்து, பூனையைப் பெரிய துண்டால் மூடிச் சுருட்டி, பின்புறம் முதலில் போகும்படி இறக்குங்கள். தலையை முதலில் விட்டால் நாலு காலையும் விளிம்பில் ஊன்றிக்கொள்ளும். கூடையே கைக்கு எட்டவில்லை என்றால் பருத்தித் தலையணை உறை. உள்ளே விட்டு வாயை முடிந்துவிடலாம், மூச்சு விட முடியும். நீண்ட நேரத்துக்கு ஆகாது, வெளியே போய்ச் சேரும்வரை தாங்கும்.

கூடவே, ஒளியும் இடங்களை முன்கூட்டியே அடைத்துவிடுங்கள். எங்கள் கட்டிலுக்கடியில் இப்போது துணிப்பெட்டிகள் இடைவெளி இல்லாமல் நிற்கின்றன. ஒளிய இடமே இல்லாமல் செய்துவிடாதீர்கள், பாவம். கைக்கு எட்டும் ஒரு இடத்தை மட்டும் விட்டு வையுங்கள். எங்கள் வீட்டில் அந்த இடம் கூடையேதான்.

படி 3: பை

ஒரு வாரத்துக்கான தீனி, மருந்து, தண்ணீர், மடக்குக் கிண்ணம், பூனை மலஜலம் கழிக்கும் மண் கொஞ்சம், அதைப் போட அகலமான தட்டு ஒன்று, துண்டு. நாய்க்கு ஒரு நாளைக்குத் தோராயமாக உடல் எடை கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி தண்ணீர், வெயிலில் இன்னும் கூடுதல். தகர டப்பா தீனி வைத்தால் இழுத்துத் திறக்கும் மூடி உள்ளதாகப் பாருங்கள், இல்லாவிட்டால் திறப்பானைத் தேடி அலைவீர்கள். தீனியின் காலாவதித் தேதியை அவ்வப்போது பார்த்து, பழையதை மாற்றவும். முடிந்தது பை.

நாய்க்குக் கழுத்துப் பட்டையை மட்டும் நம்பாதீர்கள். பயந்த நாய் பின்பக்கமாக இழுத்துத் தலையை உருவிக்கொள்ளும். மார்பைச் சுற்றும் ஹார்னஸ் நல்லது, அடியில் இரண்டு விரல் மட்டும் நுழையும் இறுக்கம். கழுத்துப் பட்டையில் உங்கள் எண் பொறித்த வில்லை, வீட்டுக்குள்ளும் கழற்றாமல்.

போகிற இடத்தில் விலங்குகளை விடுவார்களா என்பதை இன்றே கேட்டு வையுங்கள். 2005இல் அமெரிக்காவில் கத்ரீனா புயல் வந்தபோது, செல்லப்பிராணிகளை விட்டுவர மனமில்லாமல் பலர் வெள்ளத்தில் வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். அடுத்த வருடமே, அவசரகாலத் திட்டங்களில் அவற்றையும் சேர்க்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. எல்லா முகாமிலும் அப்படி இடம் இருக்கும் என்று நம்பிப் போக முடியாது. பாதையில் இருக்கும் இரண்டு நண்பர்கள், ஒரு விடுதி என்று பட்டியல் கையில் இருக்கட்டும்.

படி 4: சிப்பும் படமும்

விலங்கின் தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப், இடத்தைக் காட்டும் கருவி என்று பலர் நினைக்கிறார்கள். அதில் பேட்டரியே கிடையாது. படிக்கும் கருவியை அருகில் காட்டினால் எண்ணைச் சொல்லும், பெரும்பாலும் 15 இலக்கம். அந்த எண்ணோடு பதிவேட்டில் இருக்கும் தொலைபேசி எண் பழசாக இருந்தால் சிப் இருந்தும் பயனில்லை. கரியனுடைய பதிவில் மூன்று வருடமாக நான் கைவிட்ட எண் இருந்தது, இதை எழுத உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன். போய்ப் பாருங்கள், இப்போதே.

விலங்கோடு நீங்களும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்று எடுத்து வையுங்கள். "இது என் பூனைதான்" என்று நிரூபிக்க அதைவிட எளிய வழி இல்லை.

படி 5: பண்டிகை, விருந்தாளி, வெடிச்சத்தம்

விலங்குகள் காணாமல் போவது பெரும்பாலும் கதவு வழியாகத்தான். விருந்தாளி வருகிற நாளில் ஓர் அறையை விலங்குகளுக்கு ஒதுக்கி, தண்ணீர், மண் தட்டு எல்லாம் உள்ளே வைத்து, கதவில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். எழுதி ஒட்டினாலும் ஒருவர் திறப்பார். பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொள்வது என் பழக்கம்.

நாய்க்கு ஆகாதவை: சாக்லேட் (கறுப்பாக இருக்க இருக்க ஆபத்து அதிகம்), திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, வெந்த எலும்பு. சர்க்கரை சேர்க்காத மிட்டாய், சூயிங்கம் முதலியவற்றில் சைலிட்டால் இருக்கலாம், சில டப்பாக்களில் 'பர்ச் சர்க்கரை' என்றும் போட்டிருக்கும். நாய்க்கு அது சர்க்கரை அளவைத் தடாலென்று இறக்கிவிடும். பூனை இருக்கும் வீட்டில் லில்லிப் பூங்கொத்தை உள்ளேயே விடாதீர்கள். ரோமத்தில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும், குவளைத் தண்ணீரும் விஷம். பளபளக்கும் அலங்கார நூலை விழுங்கினால் குடலை மடித்து இழுத்துவிடும். வெளியே நூல் தொங்குவதைக் கண்டால் இழுக்காதீர்கள், மருத்துவரிடம் ஓடுங்கள்.

வெடிச்சத்தத்துக்கு: இருட்டுவதற்கு முன்பே நாயை நடத்திக் கூட்டிவந்து, ஜன்னல், திரைச்சீலை எல்லாம் மூடி, மின்விசிறியையோ பாட்டையோ ஓடவிடுங்கள். நாம் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்டால் நாய்க்கு சுமார் 45,000 வரை கேட்கும், பூனைக்கு அதற்கும் மேல். பயப்படும்போது தடவிக்கொடுத்தால் பயம் கூடும் என்பது பழைய கதை. மடியில் வந்து படுத்தால் தாராளமாக அணைத்துக்கொள்ளுங்கள். ஒளிந்திருந்தால் இழுக்க வேண்டாம்.

ரொம்ப நடுங்குகிற நாய்க்கு மருந்து உண்டு, சில வாரம் முன்னதாகவே மருத்துவரிடம் கேளுங்கள். அசிப்ரோமசின் என்ற மயக்க மருந்தை மட்டும் எழுதினால் வேறு உண்டா என்று மரியாதையாகக் கேளுங்கள். அது உடம்பைத்தான் அசையாமல் வைக்கும், உள்ளே பயம் அப்படியே இருக்கும். எந்த மருந்தானாலும் அமைதியான ஒரு நாளில் முதலில் கொடுத்துப் பார்க்க வேண்டும். நம் மாத்திரைப் பெட்டிப்பக்கம் கை போகக் கூடாது. ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

படி 6: விட்டுவிட்டுப் போவது

நாம் வெளியூர் போகும்போது பூனையை அதன் வீட்டிலேயே விட்டு, ஆள் வந்து பார்ப்பதுதான் என் கட்சி. வருகிறவர் முந்தைய வாரமே ஒருமுறை வந்து தீனி போட்டுப் பழகட்டும். "பூனை இருக்கிறது" என்று செய்தி அனுப்பினால் போதாது, தின்றதா, மண் நனைந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு நாள் தொடர்ந்து தின்னாத பூனைக்கு, அதிலும் குண்டுப் பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு தேங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். எந்த மருத்துவர், எவ்வளவு வரை செலவு செய்யலாம் என்று கையெழுத்திட்ட கடிதம் ஒன்றைக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவிட்டுப் போங்கள்.

பிற்சேர்க்கை (கருத்துகளைப் படித்த பிறகு)

"ஏர்டேக் மாட்டினால் போதாதா?" என்று மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். ஏர்டேக் என்பது ஆப்பிளின் இடம் காட்டும் சிறு வில்லை. பக்கத்தில் யாருடைய ஐபோனாவது இருந்தால்தான் அது இடம் சொல்லும். ஆள் இல்லாத காட்டில் ஓடிய நாய்க்கு ஜிபிஎஸ் பட்டைதான் சரி, அதற்கும் தினமோ இரண்டு நாளைக்கொருமுறையோ சார்ஜ் ஏற்ற வேண்டும்.

ஒரு வாசகர் வெள்ளத்தில் நாயைக் கட்டிப்போட்டுப் போக நேர்ந்ததை எழுதியிருந்தார். தூக்கிச் செல்லவே வழியில்லை என்றால் கட்டை அவிழ்த்து, உயரமான தளத்தில், தண்ணீரோடு விடுங்கள். கட்டிய நாயால் நீந்த முடியாது. வெள்ளநீரில் நடந்துவந்த நாயை உடனே நல்ல தண்ணீரில் கழுவுங்கள், எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், அதற்குத் தடுப்பூசியும் உண்டு.

இன்னொருவர்: "பூனை தானா உள்ள போகுது, வெளிய வர மாட்டேங்குது." வாழ்த்துகள், கதவைச் சாத்திப் பயிற்சியைத் தொடருங்கள்.

மீன் வளர்ப்பவர்களை மறந்துவிட்டேன், திட்டும் வாங்கிவிட்டேன். மின்சாரம் போனால் மீனுக்கு முதல் பிரச்சினை பிராணவாயு, பசி அதற்கு வெகு பின்னால். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று வாங்கி வையுங்கள். அது இல்லாவிட்டால் தொட்டித் தண்ணீரையே ஒரு குவளையில் மொண்டு, சற்று உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டே இருக்கலாம். மின்சாரம் வரும்வரை தீனி போடாதீர்கள். போட்டால் கழிவு கூடும், வடிகட்டி ஓடாத தொட்டியில் அது அம்மோனியாவாகத் தேங்கும்.