உமிழ்வுக் கணக்கு ஏன் உதைத்தது: என் அனுபவம்

ஒரு வட்டாரத்தின் ஏற்றுமதிக்குப் பின்னால் எவ்வளவு கார்பன் உமிழ்வு இருக்கிறது என்று உள்ளீடு-வெளியீடு அட்டவணையை (எந்தத் துறை எந்தத் துறையிடம் எவ்வளவு வாங்குகிறது என்று காட்டுவது) வைத்துக் கணக்கிட்டேன். வந்த விடை, அந்த வட்டாரத்தின் மொத்த உமிழ்வையே தாண்டி நின்றது! அலகுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், தவறில்லை.

பிறகுதான் முதலிலேயே செய்திருக்க வேண்டிய சோதனையைச் செய்தேன். லியோன்டிஃப் நேர்மாறு அணியை (ஒரு அலகு தேவையை நிறைவேற்ற எல்லாத் துறைகளும் சேர்ந்து எவ்வளவு உற்பத்தி செய்ய வேண்டும் என்று சொல்வது) மொத்த இறுதித் தேவையால் (வீடுகள், அரசு, முதலீடு, ஏற்றுமதி ஆகியவற்றுக்குப் போவது) பெருக்கினால், அட்டவணையில் உள்ள உற்பத்தியே திரும்ப வர வேண்டும். எனக்குக் கூடுதலாக வந்தது, அதுவும் உலோகத் துறையில் மிக அதிகமாக. அங்கேதான் பிடி கிடைத்தது. நேர்மாறு அணிக்கு அடிப்படையான என் குணக அணியில் (ஒரு அலகு உற்பத்திக்கு எந்தத் துறையிலிருந்து எவ்வளவு உள்ளீடு வேண்டும் என்பது) இறக்குமதி மூலப்பொருளும் கலந்திருந்தது. வேறெங்கோ உருக்கிய இரும்பை, உள்ளூர் உலையில் உருக்கியதாகவே கணக்கு எடுத்துக்கொண்டிருக்கிறது.

எந்தத் துறை எதை எவ்வளவு இறக்குமதி செய்கிறது என்று காட்டும் இறக்குமதி அணி தனியாகக் கிடைக்கவில்லை. அதனால் ஒவ்வொரு பொருளிலும் இறக்குமதியின் பங்கைக் கண்டு, அதை வாங்கும் எல்லாத் துறைகளிலும், உள்நாட்டு இறுதித் தேவையிலும் ஒரே விகிதத்தில் கழித்தேன். இது தோராயம்தான், துறைக்குத் துறை உண்மையில் மாறும். ஆனாலும் உற்பத்தி அச்சாகப் பொருந்தியது, உமிழ்வும் மொத்தத்துக்குள் அடங்கியது.

கழித்த உமிழ்வு மறைந்துவிடவில்லை, இன்னொரு வட்டாரத்தின் கணக்கில் இருக்கிறது. அதைப் பிடிக்க, வட்டாரங்களுக்கு இடையிலான வணிகத்தையும் காட்டும் பல்வட்டார அட்டவணைக்கு இப்போது மாறியிருக்கிறேன்.