பெருநகருக்கு அருகே குடியேறுகிறீர்களா? புறநகர்ப் பகுதியைத் தேர்ந்தெடுக்கும் முறை

பெருநகரில் வேலை கிடைத்து இடம்பெயர்பவர்களில் பலர் முதல் நாளிலேயே வீடுகளைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். காற்றோட்டமான அறைகளும் கைக்கு அடக்கமான வாடகையும் கண்ணில் பட்டவுடன், அந்த வீடு எந்தப் பகுதியில் இருக்கிறது என்பது இரண்டாம்பட்சமாகிவிடுகிறது. வீட்டில் உள்ள குறைகளை ஓரளவு சரிசெய்துகொள்ளலாம், முடியாவிட்டால் அதே தெருவில் வேறொரு வீட்டுக்கு மாறலாம். ஆனால் ரயில் நிலையம் இருக்கும் தொலைவையும், மழைநீர் தேங்கும் நிலத்தின் தாழ்வையும், நெடுஞ்சாலையின் இரைச்சலையும் குடியிருப்பவரால் மாற்ற இயலாது. ஆகவே முதலில் பகுதி, அடுத்து தெரு, அதன் பிறகே வீடு என்ற வரிசையில் தேடுமாறு வலியுறுத்துகிறேன்.

படி 1: குடும்பத்தின் ஒரு வாரத்தை எழுதுங்கள்

ஒரு தாளில், வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் வாரத்தின் எந்தெந்த நாளில், எத்தனை மணிக்கு, எங்கே இருக்க வேண்டும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அலுவலகம், பள்ளி, கல்லூரி, மாதந்தோறும் செல்ல வேண்டிய மருத்துவமனை, அடிக்கடி கவனிக்க வேண்டிய பெற்றோரின் வீடு ஆகிய அனைத்தும் அதில் இடம்பெற வேண்டும். சம்பாதிப்பவர் இருவர் என்றால் இருவரின் பணியிடங்களும் சம எடையுடன் கணக்கில் வர வேண்டும். ஒருவருடைய அலுவலகத்தை மட்டும் மையமாக வைத்துப் பகுதியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, மற்றவரை நாள்தோறும் இரண்டு மணி நேரம் அலையவிடும் குடும்பங்கள் ஏராளம். வாரத்தில் இரண்டு நாட்கள் மட்டுமே அலுவலகம் செல்பவருக்குப் பொருந்தும் பகுதி, ஆறு நாட்கள் செல்பவருக்குப் பொருந்தாமல் போகலாம் என்பதால் நாட்களின் எண்ணிக்கையையும் சேர்த்து எழுதுங்கள்.

படி 2: கிலோமீட்டரை விட்டுவிட்டு நிமிடங்களை அளவிடுங்கள்

தேர்வில் மிகுந்த கவனத்தைக் கோரும் கட்டம் இதுதான். இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்கெட்டி 1994-இல் வெளியிட்ட கட்டுரையில், வெவ்வேறு காலங்களிலும் ஊர்களிலும் மனிதர்கள் அன்றாடப் பயணத்துக்குச் செலவிடும் நேரம் சராசரியாக ஒரு மணி நேரத்தை ஒட்டியே இருந்துவருகிறது என்று சுட்டிக்காட்டினார். நடந்து சென்ற காலத்தில் சிறியதாக இருந்த நகரம், ரயிலும் காரும் வந்தபின் விரிந்ததற்கு இது ஒரு விளக்கமாகச் சொல்லப்படுகிறது. போக, வர ஒரு மணி நேரம் என்பது எல்லோருக்கும் வாய்க்காது. எனினும் உங்களால் தாங்கக்கூடிய எல்லை எது என்பதை வீடு தேடுவதற்கு முன்பே முடிவு செய்து எழுதிவைப்பது நல்லது. நல்ல வீடு ஒன்றைப் பார்த்த மயக்கத்தில் அந்த எல்லையைத் தளர்த்தத் தோன்றும்போது அந்தத் தாள் உதவும்.

நேரத்தைக் கணக்கிடும்போது வீட்டு வாசலிலிருந்து அலுவலக வாசல் வரை கணக்கிடுங்கள். “ரயிலில் 35 நிமிடம்” என்று விளம்பரத்தில் வரும் பயணத்தைப் பிரித்துப் பாருங்கள்: நிலையத்துக்கு நடக்க 12 நிமிடம், காத்திருக்க 8 நிமிடம், ரயிலில் 35 நிமிடம், இறங்கி வேறு வண்டிக்கு மாறிச் செல்ல 15 நிமிடம், கடைசியாக நடக்க 7 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 77 நிமிடங்கள் ஆகின்றன. 800 மீட்டர் தூரத்தை நடக்க ஏறத்தாழ 10 நிமிடம் பிடிக்கும் என்பதை அளவுகோலாகக் கொள்ளலாம். வண்டிகள் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று வருகின்றன என்பதும் முக்கியம். பத்து நிமிடத்துக்கு ஒரு ரயில் வரும் நிலையத்தில் ஒன்றைத் தவறவிட்டால் பெரிய இழப்பில்லை, அரை மணிக்கு ஒன்று வரும் இடத்திலோ அன்றைய காலைப் பொழுதே குலைந்துவிடும். இரவுப் பணி உள்ளவர்கள் கடைசி வண்டியின் நேரத்தை முதலில் பார்க்க வேண்டும்.

வரைபடச் செயலிகளில் “இத்தனை மணிக்குச் சென்றுசேர வேண்டும்” என்று குறிப்பிட்டு, வழக்கமான ஒரு வேலைநாளின் காலை நேரத்துக்கான பயணத்தைப் பாருங்கள். விடுமுறை நாளின் நண்பகலில் காட்டும் நிமிடங்கள் ஏமாற்றிவிடும். இவ்வாறு பார்த்தால், நகரத்துக்குப் பக்கத்தில் இருந்தும் நேரடி வண்டி இல்லாத பகுதியைவிட, தொலைவில் இருந்தாலும் விரைவு ரயில் நிற்கும் பகுதி அலுவலகத்துக்கு நெருக்கமாக அமைவதைக் காணலாம்.

ஒரு வழிக்கு 45 நிமிடம் ஆகும் பகுதிக்கும் 75 நிமிடம் ஆகும் பகுதிக்கும் இடையே நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் வேறுபாடு. ஆண்டுக்கு 240 வேலைநாட்கள் என்றால் 240 மணி நேரம். எட்டு மணி நேரப் பணிநாளாகக் கணக்கிட்டால் முழுதாக 30 நாட்கள். நீண்ட பயணத்தின் சுமையைக் குறைந்த வாடகையோ கூடுதல் சம்பளமோ ஈடுசெய்துவிடும் என்று நம்புகிறோம். ஆனால் ஜெர்மனியின் குடும்பத் தரவுகளை ஆராய்ந்து பொருளாதார அறிஞர்கள் அலோய்ஸ் ஸ்டுட்சரும் புரூனோ ஃபிரேயும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், நீண்ட நேரம் பயணிப்பவர்களின் வாழ்க்கை நிறைவு தொடர்ந்து குறைவாகவே காணப்பட்டது.

படி 3: வாடகையையும் போக்குவரத்துச் செலவையும் கூட்டுங்கள்

நகர மையத்திலிருந்து விலக விலக நிலத்தின் விலை குறைவதும் பயணச் செலவு ஏறுவதும் ஒன்றுக்கொன்று ஈடாக அமைகின்றன. நகரப் பொருளாதார அறிஞர் வில்லியம் அலோன்சோ 1964-இல் இதைப் பொருளாதாரக் கோட்பாடாகவே வகுத்தார். எனவே வாடகையை மட்டும் ஒப்பிடுவது பாதிக் கணக்குதான். ஒவ்வொரு பகுதிக்கும் வாடகை, பராமரிப்புக் கட்டணம், குடும்பத்தினர் அனைவரின் பயணச்சீட்டு, எரிபொருள், வாகன நிறுத்தக் கட்டணம் ஆகியவற்றைக் கூட்டி எழுதுங்கள். அந்தப் பகுதிக்குச் சென்றால் இரண்டாவது வாகனம் வாங்க வேண்டியிருக்குமா என்பதே இக்கணக்கைப் பெரும்பாலும் தீர்மானிக்கும். தவணை, காப்பீடு, பழுதுபார்ப்பு எல்லாம் சேர்ந்தால் வாடகையில் மிச்சமானது கரைந்துவிடக்கூடும். குடியிருப்புக்கும் போக்குவரத்துக்கும் சேர்த்து வருமானத்தில் 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்காவில் உள்ள அண்டைப்பகுதித் தொழில்நுட்ப மையம் (Center for Neighborhood Technology) என்ற ஆய்வு அமைப்பு பயன்படுத்தும் வரம்பு. உங்கள் வரம்பு வேறாக இருக்கலாம், ஆனால் இரண்டையும் ஒரே தொகையாகப் பார்க்கும் முறையைக் கைவிட வேண்டாம்.

படி 4: நிலத்தையும் காற்றையும் விசாரியுங்கள்

இதற்குள் மூன்று நான்கு பகுதிகள் எஞ்சியிருக்கும். முதலில் வெள்ளம். “நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம்” என்ற சொற்றொடரை நம்பி நிம்மதியடைபவர்கள் உண்டு. எந்த ஓர் ஆண்டிலும் அது நிகழ்வதற்கு 1 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்பதே அதன் பொருள். 30 ஆண்டுகளில் ஒருமுறையேனும் அதைச் சந்திக்கும் வாய்ப்பு சுமார் 26 சதவீதம் ஆகிறது. அரசு வெளியிடும் வெள்ள வரைபடம் இருந்தால் பாருங்கள். அத்துடன் தரைத்தளத்தில் நெடுங்காலமாக இருப்பவர்களிடம் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். சுவரில் உள்ள கறைகளும், புதிய வீடுகளின் தரைமட்டம் சாலையைவிட மிகவும் உயர்த்தப்பட்டிருப்பதும் தாமாகவே பதில் சொல்லும்.

இரைச்சலும் அவ்வாறே. சாலைப் போக்குவரத்து இரைச்சல் இரவு முழுவதற்குமான சராசரியில் 45 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பியப் பகுதிக்காக 2018-இல் பரிந்துரைத்தது. காற்றில் கலந்துள்ள பி.எம். 2.5 நுண்துகளின் ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது அதே நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். பெருநகரங்களை ஒட்டி இவ்வளவு தூய காற்று கிடைப்பது அரிது. ஆனாலும் எஞ்சிய பகுதிகளை ஒன்றோடொன்று ஒப்பிட இந்த அளவுகள் உதவும். குடிநீர், மின்சாரம், இணைய இணைப்பு ஆகியவற்றைப் பற்றித் தரகரிடம் கேட்பதைவிட அங்கே குடியிருப்பவர்களிடம் கேட்பது பயன்தரும்.

படி 5: பள்ளியும் மருத்துவமனையும்

பல நாடுகளில் வீட்டு முகவரியைக் கொண்டே பள்ளிச் சேர்க்கை முடிவாகிறது. ஒரே தெருவின் இரு புறமும் வெவ்வேறு பள்ளி எல்லைக்குள் வரவும் கூடும். ஆகவே பள்ளியிடமே முகவரியைச் சொல்லி உறுதிசெய்துகொள்ளுங்கள். அவசரச் சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு நள்ளிரவில் எவ்வாறு செல்வது என்பதையும் கேட்டறியுங்கள்.

படி 6: நெரிசல் நேரத்தில் நேரில் செல்லுங்கள்

வேலைநாளின் காலையில் அந்தப் பகுதியிலிருந்து அலுவலகம் வரை ஒருமுறை முழுமையாகப் பயணம் செய்யுங்கள். மாலையில் அதே வழியே திரும்புங்கள். வண்டியில் ஏற இடம் கிடைக்கிறதா, நடைபாதை இருக்கிறதா, இருட்டிய பிறகு நிலையத்திலிருந்து தனியாக நடந்துவர அச்சமில்லாமல் இருக்கிறதா என்பவை எந்த வரைபடத்திலும் தெரியாதவை. வீட்டில் பெண்களும் முதியவர்களும் இருந்தால் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். அவர்களுடைய கணிப்பே இதில் முக்கியமானது. முடிந்தால் பலத்த மழைக்கு அடுத்த நாள் ஒருமுறை சென்றுவாருங்கள்.

படி 7: வரப்போவதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்

“இன்னும் சில ஆண்டுகளில் மெட்ரோ வந்துவிடும்” என்ற பேச்சு புறநகர் வீட்டுச் சந்தையில் எங்கும் கேட்கும். அறிவிக்கப்பட்டது, நிதி ஒதுக்கப்பட்டது, கட்டுமானம் தொடங்கியது ஆகிய மூன்றும் வெவ்வேறு நிலைகள். வண்டி ஓடத் தொடங்கும் நாள் வரை படி 2-இல் போட்ட கணக்கை மாற்ற வேண்டாம். மாறாக, பக்கத்தில் உள்ள காலி நிலங்கள் எதற்காக ஒதுக்கப்பட்டுள்ளன என்பதை நகரமைப்பு அலுவலகத்தின் நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் பாருங்கள். இன்று திறந்தவெளியாகத் தெரியும் இடம் தொழிற்பகுதியாகவோ பெருஞ்சாலையாகவோ குறிக்கப்பட்டிருக்கலாம்.

படி 8: முதலில் வாடகைக்கு இருங்கள்

சொந்தமாக வாங்கும் எண்ணம் இருந்தாலும், மழைக்காலத்தையும் பள்ளி திறக்கும் பருவத்தையும் உள்ளடக்கிய ஓராண்டாவது அந்தப் பகுதியில் வாடகைக்கு இருந்து பாருங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், இடையில் காலிசெய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு தர வேண்டும், முன்பணம் எந்தெந்தப் பிடித்தங்கள் போகத் திரும்பக் கிடைக்கும் என்பவை எழுத்தில் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். குடிவந்த பிறகு சில வாரங்களுக்கு உண்மையான பயண நேரங்களைக் குறித்துவைத்து, படி 2-இல் எழுதிய எல்லையுடன் ஒப்பிடுங்கள். தொடர்ந்து எல்லையைத் தாண்டினால், ஒப்பந்தம் முடிவதற்கு முன்பே அடுத்த பகுதியைத் தேடத் தொடங்குங்கள்.