எட்டு மாதம் விடாத மூக்கு ஸ்ப்ரே: என் அனுபவம்

போன மார்கழியில் சளி பிடித்தபோது கடலூர் மஞ்சக்குப்பத்து மெடிக்கலில் வாங்கினேன், மூக்கடைப்பைத் திறக்கும் சைலோமெட்டாசோலின் ஸ்ப்ரே. சளி ஒரு வாரத்தில் போய்விட்டது. ஸ்ப்ரே ஆவணி வரை சட்டைப் பையிலேயே கிடந்தது. அடித்த இரண்டு நிமிஷத்தில் மூக்கு திறக்கும். நாலு மணி நேரத்தில் சிமெண்ட் பூசியதுபோல் அடைக்கும்.

தூசி அலர்ஜி என்று நினைத்துத் தலையணையை மாற்றினேன். செட்ரிசின் போட்டேன், தூக்கம்தான் வந்தது. நொச்சி ஆவி பத்து நிமிஷம் தாங்கியது. ஒரேயடியாக நிறுத்திப் பார்த்து, இரண்டாம் நாள் நடுராத்திரி தோற்றேன்.

காது மூக்கு தொண்டை மருத்துவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "எத்தனை நாளா இதை அடிக்கிறீங்க?" என்றார். ஒரு வாரத்துக்கு மேல் போனால், மருந்தின் வேகம் இறங்கும்போதெல்லாம் உள்சதை முன்னைவிட வீங்குமாம். அடைப்பே ஸ்ப்ரேயால்தான்!

அவர் சொன்ன வழி: வலது மூக்கில் மட்டும் நிறுத்து, இடதில் வழக்கம்போல் அடி. ஒரு பக்கம் திறந்திருந்தால் தூங்கிவிடலாம். கூடவே தினமும் ஃப்ளூட்டிகசோன், வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரே. அது உடனே வேலை செய்யாது. நாலாம் நாள் தூக்கி எறியப் பார்த்தேன்.

இன்னொன்று: இத்தனை நாளும் மூக்கின் நடுச்சுவரைப் பார்த்தே அடித்திருக்கிறேன், கைக்குட்டையில் ரத்தப் பொருக்கு வந்தது அதனால்தான். வலது கையால் இடது மூக்கு, இடது கையால் வலது மூக்கு என்று பிடித்தால் முனை தானாகக் காதுப் பக்கம் திரும்பும்.

ஒன்பதாம் நாள் வலது திறந்தது. அதன் பிறகே இடதிலும் நிறுத்தினேன். அது திறக்க இன்னும் பத்து நாள் ஆனது. நேற்று முதுநகர் பக்கம் போனபோது கருவாட்டு வாசனை அடித்தது.